கருமாடியில் இருபது நிமிடம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பௌத்தத் தடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, சென்ற மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு கருமாடிக்குப் போயிருந்தேன். புனலூரிலிருந்து கொல்லம் வழியாக அம்பலப்புழை வரை ரயில், அதன்பின் ஆட்டோ. தோட்டின் (கால்வாயின்) கரையில் ஒரு சிறு மண்டபம், அதற்குள் 'கருமாடிக்குட்டன்' என்று ஊர் அழைக்கும் பாதி உடைந்த புத்தர் சிலை. விளக்கிச் சொல்ல ஆளில்லை. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் அப்பா. அது கோயிலா, காட்சிப்பொருளா? செருப்பைக் கழற்ற வேண்டுமா என்றுகூடத் தெரியாமல் நின்றோம். புத்தரைப் போய்க் 'குட்டன்' என்று அழைப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. நான் எதையாவது பார்க்கத் தவறிவிட்டேனா?

ம., புனலூர்

அன்புள்ள ம.,

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நானும் முதல் தடவை கேட்டிருக்கிறேன். செங்கோட்டையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, நல்ல மழையில் போய் நின்றபோது, மூன்றடி உயரக் கருங்கல்லில் இடப்பக்கம் இழந்து அமர்ந்திருந்த அந்த உருவம் எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் ஒதுங்கியபோது ஒரு பெரியவர், "குட்டனைக் காணான் வந்நதாணோ?" (குட்டனைப் பார்க்க வந்தீர்களா?) என்று மலையாளத்தில் கேட்டார். தம் வீட்டுப் பையனைப் பார்க்க வந்தவரிடம் விசாரிப்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி. நான் பார்க்கத் தவறியது சிலைக்கு வெளியே, அந்தப் பெயரில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

குட்டன் என்பது மலையாளத்தில் ஆண்பிள்ளையைக் கொஞ்சி அழைக்கும் சொல். நம் பக்கத்துப் பாட்டிமார் 'ராசா' என்பார்களே, அதைப் போல. புனலூரில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விகாரங்கள் என்னும் பௌத்த மடங்கள் மறைந்து, துறவிகள் போய், அமர்ந்திருப்பவர் யார் என்பதே மறந்துபோன ஒரு காலத்தில், அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரியாத அந்தக் கல்லை விலக்கிவைக்காமல் தங்கள் பிள்ளையாக எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு பாதி எப்படிப் போயிற்று என்பதற்கு யானை உடைத்தது என்று ஒரு கதையும் அவர்களிடம் இருக்கிறது. 1930களில் கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோதான் சிலையின் அருமையை உணர்ந்து அதைப் பாதுகாக்க வழிசெய்தவர் என்பார்கள். 1965இல் தலாய் லாமா வந்து வணங்கினார். இன்று அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஊர் அவரைக் குட்டன் என்றே அழைக்கிறது. இதில் மரியாதைக் குறைவு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அது தனித்து நிற்கும் அதிசயமும் அன்று. மாவேலிக்கரையில் புத்தர் சிலையை வைத்தே ஒரு முச்சந்திக்குப் பெயர் வழங்குகிறது. அந்தக் கடற்கரையில் ஸ்ரீமூலவாசம் என்ற பெரும் பௌத்தத் தலம் இருந்தது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் அதற்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. தமிழும் வடமொழியுமாக எழுதப்பட்ட அந்த ஏட்டை, கொச்சி அரசின் அமைச்சர் குடும்பமான பாலியத்தார் வைத்திருந்தார்கள். திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் கோபிநாதராவ் படித்து வெளியிட்டார். ஆய் என்றால் நமக்கு அந்நியர் அல்லர். சங்கப் பாடல்கள் பொதிகைக்கு உரியவராகச் சொல்லும் அதே குடி. உங்கள் வீட்டு மாடியிலிருந்து கிழக்கே தெரியும் மலைத்தொடரின் அரசமரபு, மேற்கே கடலோரத்துப் புத்தருக்கு நிலம் விட்டிருக்கிறது. ஸ்ரீமூலவாசத்தைக் கடல் கொண்டது என்பது பொதுவான கருத்து. ஆகவே நீங்கள் கண்ட அந்தப் பாதிச் சிலையை, மூழ்கிப்போன ஒரு பெரிய வீட்டிலிருந்து கரையொதுங்கிய பொருள்போலப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் செய்திகளின் சுவை பிடித்துவிட்டால், கருநாகப்பள்ளி போன்ற ஊர்ப்பெயர்களில் 'பள்ளி'யைக் கண்ட இடமெல்லாம் விகாரம் என்றும், நம் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியே சபரிமலைக்குப் போகிறவர்களின் சரணவிளி அப்படியே புத்த சரணம் என்றும் சாதிக்கத் தோன்றும். பள்ளி சமணருக்கும் உரிய சொல். இன்று அங்கே தேவாலயத்துக்கும் மசூதிக்கும் அதுவே பெயர். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் இருப்பவை சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றையும் புத்தர் என்று சொல்லிப் படம் அனுப்புகிறவர்கள் எனக்கு மாதம் ஒருவராவது உண்டு. சொல்லொற்றுமை ஒன்றை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. செப்பேட்டுக்கும் கல்லுக்கும் உள்ள எடை ஊகத்துக்குக் கிடையாது.

செருப்பைக் கழற்றுங்கள். தொல்லியல் துறையின் பலகை இருக்கிறதென்பதற்காக அவர் வழிபடப்பட்டவர் என்பது இல்லாமல் போய்விடாது. கும்பிடத் தோன்றினால் கும்பிடலாம். எண்ணெய், சந்தனம், குங்குமம் ஆகியவற்றைக் கல்லின்மேல் பூச வேண்டாம்; பாதுகாக்கப்பட்ட சிலைக்கு அது கேடு. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, தோட்டின் பக்கமாக அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். உடைந்த பக்கத்தை நம் கண் தானாகவே வரைந்து நிரப்பத் தொடங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. எனக்கு இரண்டாம் முறை போனபோதுதான் அது நடந்தது.

அப்பாவை மறுபடி கிளப்புவது கடினம் என்றால், அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலின் பால்பாயசத்தைச் சொல்லிப் பாருங்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே விசாரித்துச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது காயங்குளத்தில் இறங்கிக் கிருஷ்ணபுரம் அரண்மனைக்கும் போங்கள். கஜேந்திர மோட்சச் சுவரோவியத்துக்காக எல்லோரும் போகும் அந்த இடத்தில், அந்த வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு புத்தரும் இருக்கிறார். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அன்புடன்.