லஞ்சம் கொடுத்துவிட்டேன், என் மீதும் வழக்கு வருமா?

கேள்வி: பட்டா மாறுதலுக்கு மனு போட்டு மாதக்கணக்கில் அலைந்தேன். ‘5,000 கொடுத்தால்தான் ஃபைல் நகரும்’ என்று கறாராகச் சொன்னதால் கொடுத்துவிட்டேன். ஐந்து நாள் ஆகிறது. இப்போது இன்னும் 3,000 கேட்கிறார்கள். புகார் கொடுத்தால் என்னையும் பிடித்து உள்ளே வைப்பார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால், உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே போனில் பேசிவிட்டேன் அம்மா. அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பது நேரடிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால், வேறு வழியில்லாமல் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கையில் இருந்த பாதுகாப்பைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த 3,000-ஐ நீங்களாகப் போய்க் கொடுக்காதீர்கள். முதலில் புகார். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, விசாரணைக்கு உதவியாகக் கொடுக்கும் பணம் குற்றமாகாது. லஞ்ச ஒழிப்புத் துறையினர் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பவுடர் தடவி உங்களிடமே தருவார்கள். சாட்சி ஒருவர் கூட வருவார். பணத்தை வாங்கியவர் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பேப்பரில் ‘கையும் களவுமாக’ என்று படிக்கிறோமே, அது இதுதான். கிளம்பும்போது அதிகாரி திரும்பத் திரும்ப ஒன்று சொல்வார்: ‘அவர் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.’ தயவுசெய்து அதை அப்படியே செய்யுங்கள். கை சிவந்தது மட்டும் போதாது, அவர் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். பேச்சே இல்லாமல் மேசையில் வைத்துவிட்டு வந்தால், எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அப்புறம், வழக்கு நடக்கும்போது ‘சமாதானமாகப் போய்விடுங்கள்’ என்று ஆள் அனுப்புவார்கள். மசியாதீர்கள். புகார்தாரர் பிறழ்சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. என்றாலும் உங்கள் சாட்சியத்துக்கு இருக்கும் பலமே வேறு. குற்றம் உறுதியானால் வாங்கியவருக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7.

கேள்வி: நான் வேலை பார்க்கும் தனியார் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர் ஒவ்வொரு ஆர்டருக்கும் சப்ளையரிடம் கமிஷன் வாங்குகிறார். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எழுதினாலும் அவர்கள் கையில் எடுக்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களுக்கானது. தனியார் வங்கி அதிகாரிகளும் அதில் அடக்கம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மேனேஜர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். சிங்கப்பூரில் 1960-லிருந்தே அரசு, தனியார் இரண்டுக்கும் ஒரே சட்டம். தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்குவது பற்றிப் பேசும் ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா 2011-ல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இது பெரிய ஓட்டை. அந்தக் கமிஷனை சப்ளையர் பொருளின் விலையில்தானே ஏற்றுவார்?

சரி, இப்போதைக்கு என்ன வழி? நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகியவற்றின் கீழ் பாரதிய நியாய சன்ஹிதாவில் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) கம்பெனி புகார் கொடுக்கலாம். மோசடிக்குத் தண்டனை தரும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 447-வது பிரிவும் இருக்கிறது. ‘கமிஷன் வாங்குகிறார்’ என்று மட்டும் சொன்னால் நிற்காது. குறைந்த விலை கொட்டேஷன் எது, அதை ஒதுக்கிவிட்டு யாருக்கு எந்தத் தேதியில் ஆர்டர் போனது என்று குறித்து வையுங்கள். உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், இப்படிப்பட்ட புகார்களுக்கு ஒரு வழிமுறை இருந்தே ஆகவேண்டும். நேரடியாகத் தணிக்கைக் குழுத் தலைவருக்கே எழுதவும் அதில் இடம் உண்டு. முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள்.