அம்மாவின் பல்செட் எட்டே மாதத்தில் உடைந்தது: வழக்குப் போடலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 64. கோவையில் ஒரு தனியார் கிளினிக்கில், உள்ளே உலோக வலை வைத்த மேல்வரிசை பல்செட் கட்டினோம். "சாதாரண அக்ரிலிக் பிளாஸ்டிக் மாதிரி உடையாது" என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாம் வாரமே அண்ணத்தில் எரிச்சல். எட்டாம் மாதம் செட் நடுவில் பிளந்துவிட்டது. "கடினமானதைக் கடித்திருப்பார், கொண்டு வாருங்கள், ஒட்டித் தருகிறோம்" என்கிறார்கள். அம்மாவுக்குக் கவரிங் நகை போட்டாலே அரிக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உடைந்த செட்டை ஒட்டக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் முதன்மையான சாட்சி அதுதான். அக்ரிலிக் தானாக உலோகத்தோடு ஒட்டாது. லேபில் உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் என்ற பிடிப்புப் பூச்சைப் பூசித்தான் அதைப் பிடிக்கவைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வலையைச் சுற்றி இடைவெளி விழும், விரிசல் அங்கேயே தொடங்கும். வலுவுக்காக வைத்த உலோகமே செட்டைப் பலவீனமாக்கிவிடும். இதெல்லாம் செட் உடைந்த இடத்தின் பரப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். தேதியோடு படம் எடுத்து, இரு துண்டுகளையும் ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள்.

செட் உடைந்தது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. கீழே விழுந்தாலும் உடையும், ஈறு வற்றி செட் ஆட ஆரம்பித்தாலும் உடையும். எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லும். மருத்துவரின் கவனக்குறைவை அளக்க, அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்று பார்க்க வேண்டும் என ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மை. ஆனாலும் உங்கள் வழக்கில் அதை நம்பி இருக்காதீர்கள். பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் துறை மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

என் பார்வையில் உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கவரிங் நகையில் இருக்கிறது. கவரிங் நகை அரிப்புக்கு நிக்கல் என்ற உலோகம்தான் அடிக்கடி காரணம். பல் லேப்களில் கோபால்ட்-குரோமியம் என்ற உலோகக் கலவையும் உண்டு, நிக்கல் கலந்த உலோகமும் உண்டு. நீங்கள் அரிப்பைச் சொன்ன பிறகும் என்ன உலோகம் வைக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை என்றால் அது பெரிய குறை. நோயாளிக்குப் போதிய விவரம் தந்து வாங்கியதுதான் சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் எரிச்சலுக்கு நிக்கல்தான் காரணம் என்பதையும் காட்ட வேண்டும். சரியாக வேகாத அக்ரிலிக்கில் மிஞ்சும் மோனோமர் என்ற மூலப்பொருளும் எரிச்சல் தரும். வெப்பத்தில் பதப்படுத்தும் அக்ரிலிக்கில் அது 2.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 20795-1 என்ற சர்வதேசத் தரம். செட்டுக்கு அடியில் வளரும் பூஞ்சையாலும் அண்ணம் சிவக்கும். அதனால் அம்மாவைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போய் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) எடுங்கள். வழக்கு இல்லாவிட்டாலும், அடுத்த செட் கட்டுவதற்கு அது தேவை.

அப்புறம், கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, சிகிச்சைப் பதிவு, லேபுக்குக் கொடுத்த ஆர்டர் சீட்டு, உலோகத்தின் பெயர் மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ்.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் சாந்தா வழக்கிலேயே முடிவானது. 2019 சட்டப்படி அம்மா குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. செட்டைச் சோதனைக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன் கீழ் ஆணையத்திடமே கேளுங்கள். புகார் தர கெடு 2 ஆண்டு. எரிச்சல் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

இடையில் அவர்கள் புது செட் இலவசமாகத் தருகிறோம் என்றால் மறுக்க வேண்டியதில்லை. பேட்ச் டெஸ்ட் முடிவு வந்த பிறகு, உலோகத்தின் பெயரை பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால் மட்டும், அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.