காய்ச்சலோடு நோன்பு: எந்த துஆ ஓதலாம் என்று கேட்ட தம்பிக்கு

வ அலைக்கும் ஸலாம் தம்பி. வெளிநாட்டுக்கு வந்து முதல் ரமலான், ரூமில் காய்ச்சலோடு படுத்திருக்கிறேன், நோன்பை விடாமலே குணமாக எந்த துஆ (பிரார்த்தனை) ஓதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலிக்கிற இடத்தில் கையை வைத்து மூன்று தடவை பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, ஏழு தடவை 'அஊது பில்லாஹி வ குத்ரதிஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிர்' என்று ஓதுங்கள். உடம்பு வலிக்கிறது என்று வந்த தோழர் உஸ்மான் இப்னு அபில் ஆஸுக்கு நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது இது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. துன்பத்தில் அய்யூப் நபி கேட்ட துஆ குர்ஆன் 21:83இல் இருக்கிறது, அதையும் ஓதலாம். ஓதி ஊத ஆளில்லையே என்று கலங்க வேண்டாம். நோயுற்றபோது நபியவர்களே குர்ஆனின் கடைசியில் வரும் குல் அஊது சூராக்களை ஓதித் தம்மேல் ஊதிக்கொண்டதாக அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஓதிய தண்ணீர் விற்பவர்கள் இங்கேயும் உண்டு, பக்கத்திலேயே போகாதீர்கள்.

ஆனால் 'நோன்பை விடாமலே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆன் 2:184இலும் 185இலும் அல்லாஹ்வே சொல்லிவிட்டான். உங்களுக்கு இலகுவையே நாடுகிறான் என்பதும் அதே 185தான். துஆ குணம் கேட்பதற்கு. அவன் கொடுத்த சலுகையைத் திருப்பிக் கொடுப்பதற்கு அல்ல. காய்ச்சல் ஏறி நாக்கு வறண்டால் தண்ணீர் குடியுங்கள், மாத்திரை போடுங்கள், பிறகு களா செய்யுங்கள், அதாவது விட்டதை வேறு நாளில் நோற்றுவிடுங்கள். நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா என்பது தள்ளாத முதியவர்களுக்கும் தீராத நோய்க்காரர்களுக்கும். நாலு நாள் காய்ச்சலுக்கு அது கணக்கில்லை.

மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும். ரத்தப் பரிசோதனைக்கும் சத்து ஏற்றாத ஊசிக்கும் முறியாது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. சர்க்கரை நோய் உள்ளவரென்றால் ரத்தச் சர்க்கரை அளவு (mg/dL கணக்கில்) 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே போனாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். சில நாடுகளில் மெஷின் mmol/L என்ற வேறு கணக்கில் 3.9 என்று காட்டும், அதுதான் அந்த 70. டாக்டரிடம் நோன்பு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூன்று வேளை மருந்தை விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் வருகிற மாதிரி மாற்ற முடிந்தால் மாற்றித் தருவார். கூச்சப்படாமல் கேட்க நான் இங்கே வந்துதான் பழகினேன்.

அப்புறம், ரூம்காரர்கள். நம் ஆட்களில் சிலர் விமானம் ஏறியதும் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தி ஆகிவிடுவார்கள். என் முதல் ரமலானில் எனக்கும் இதே காய்ச்சல். மாலைத் தொழுகையான அஸருக்கு முன்னால் தண்ணீர் குடித்து மாத்திரை போட்டேன். சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் ஒருவர், 'இந்தக் காய்ச்சலுக்கெல்லாமா நோன்பை விடுவாங்க' என்று பள்ளிவாசல் வரை பரப்பிவிட்டார். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து பார்க்க வந்தவர் நம் மொழி தெரியாத ஒரு பெரியவர். 'லா பஃஸ, தஹூருன் இன்ஷா அல்லாஹ்' (கவலை வேண்டாம், அல்லாஹ் நாடினால் இது தூய்மையாக்கும்) என்று நோயாளியிடம் நபியவர்கள் சொன்னதைச் சொல்லி, தலையில் கை வைத்து துஆ செய்தார். நோன்பு விட்டது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கம் தெரிந்தவர் அப்படித்தான் இருப்பார்.

விட்டதைக் குளிர்காலத்தில் நோற்றேன். இந்தப் பக்கம் அப்போது நாலு மணிக்கெல்லாம் நோன்பு திறக்கும் மஃரிப் ஆகிவிடும், பசி எடுப்பதற்குள் நோன்பு முடிந்துவிடும். 'இது சுலபமான நோன்பு' என்று அதற்கும் அந்த ரூம்காரர் ஒரு குறை சொன்னார். கூட நோற்க வாருங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை.