தடித்த எழுத்தும் மயிரிழைக் கோடும்

வணக்கம் ஐயா,

நண்பர் ஒருவரின் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பை வடிவமைத்தேன். அட்டையில் போடோனி போல்டு. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அதே எழுத்துருவை உள்ளேயும் 10 பாயிண்டில் போட்டேன். படிக்கவே கண் வலிக்கிறது என்கிறார்கள். பின்னட்டையில் கறுப்பின் மேல் வெள்ளையாக அச்சிட்ட குறிப்பில் பாதி எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. எழுத்துருவே சரியில்லையா?

கே.

அன்புள்ள கே.,

எழுத்துருவின் மேல் பழி போடாதீர்கள். அதற்குத் தகாத வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் இத்தாலியின் பார்மாவில் அச்சாளர் போடோனியும் இந்த வகை எழுத்தை உருவாக்கினார்கள். நிமிர்ந்த கோடு தடிமன், குறுக்குக் கோடும் செரிஃபும் (கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடு) மயிரிழை. இதைப் போல்டு ஆக்கும்போது தடித்த கோடுதான் மேலும் தடிக்கும். மெல்லியது ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் எழுத்து கறுப்பதோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் கூடிவிடுகிறது. அட்டையில் உங்களுக்குக் கிடைத்த மிடுக்கு அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 80 பாயிண்டில் ஒரு பாயிண்ட் தடிமனாக இருக்கும் கோடு, 10 பாயிண்டில் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆங்கில 'ஓ' மேலும் கீழும் திறந்துகொண்டு இரண்டு அடைப்புக்குறிகளாக நிற்கும். 'மினிமம்' மாதிரி ஒரு சொல் வந்தால் போச்சு, வெறும் வேலிக்கம்பிகள்தான் தெரியும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வோர் அளவுக்கும் தனியாக எழுத்து வெட்டினார்கள், சின்ன அளவில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டார்கள். கணினியிலோ பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் சுருக்குகிறோம். எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனதன் ஹோஃப்லர் 1991இல் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழுக்காக வரைந்த டிடோ எழுத்துருவில் ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வரைவுகள் இருந்தது இதற்காகத்தான். ஃபேஷன் இதழ்களின் தலைப்புகளைப் பார்த்துவிட்டு இந்த வகையை எடுப்பவர்கள் இந்தச் சங்கதியை மட்டும் கவனிப்பதே இல்லை!

பின்னட்டைக்கு வருவோம். வெள்ளைக் கோட்டின் இரு பக்கமிருந்தும் மை கசிந்து உள்ளே வரும். கறுப்பை நான்கு மைகளில் கலந்து அடித்திருந்தால், ஒரு மையின் அச்சுத் தட்டு லேசாக நகர்ந்தாலே மயிரிழை நிறம் மாறும் அல்லது மூடிக்கொள்ளும். அங்கே கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். எழுத்தையும் மாற்றுங்கள், செரிஃப் இல்லாத ஏதாவது ஒன்று போதும்.

உள்பக்கங்களுக்கு பாஸ்கர்வில் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், போல்டு இல்லாமல். இந்த வகைக்கு முன்னோடிதான், ஆனால் தடித்த கோட்டுக்கும் மெல்லியதற்கும் வித்தியாசம் குறைவு. செரிஃப்கள் கோட்டோடு வளைந்து சேர்வதால் சின்ன அளவிலும் தாங்கும். கவிதைத் தலைப்புகளில் போடோனி போல்டு இருக்கட்டும், 24 பாயிண்டுக்குக் குறையாமல். அப்புறம், அட்டையில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இன்னும் சற்று இறுக்கலாம். இப்போது செரிஃப்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நிற்கின்றன.