அந்தரத்தில் உடம்பு எப்படித் திரும்புகிறது?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. காலை மடக்காமல் பின்பக்க பல்டி நன்றாக அடிக்கிறாள். அதில் ஒரு ட்விஸ்ட், அதாவது பம்பரம் போல உடம்பைத் திருப்பும் ஒரு சுற்று, சேர்க்க வேண்டும். தரையிலேயே தோளைத் திருப்பிக்கொண்டு எழும்பச் சொல்கிறார்கள் சிலர். மேலே போனபின் திரும்பு என்கிறார்கள் சிலர். பிடிமானமே இல்லாத இடத்தில் உடம்பு எப்படித் திரும்பும்?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: திரும்பும், அம்மா. குன்னூரில் 28 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து கண்ணால் பார்த்தவன் நான்.

கால் தரையை விட்டபின் சுழற்சியின் மொத்த அளவு மாறாது. கோண உந்தம் என்பது இதைத்தான். ஆனால் அதைப் பங்கு பிரிக்க முடியும், கைகளை வைத்து. பக்கவாட்டில் விரித்த கைகளில் ஒன்றைத் தலைக்கு மேலும் மற்றதைத் தொடைப் பக்கமும் வீசினால், உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்ததும் பல்டிச் சுழற்சியில் ஒரு சிறு பங்கு, தலையிலிருந்து கால்வரை ஓடும் அச்சுக்கு வந்துவிடும். அந்த அச்சில் உடம்பைச் சுழற்றுவது பல்டி அடிக்க வைப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சுலபம். அதனால்தான் 10 டிகிரி சாய்வுக்கே, ஒரு பல்டிக்குள் ஏறக்குறைய இரண்டு ட்விஸ்ட் வருகிறது. முழுச் சுற்று முடியும்போது கைகளை மறுபடி விரித்தால் சாய்வு நிமிரும், ட்விஸ்ட் நிற்கும், பல்டி மட்டும் தொடரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

வீட்டிலேயே பார்க்கலாம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றுக்கு ரப்பர் பேண்ட் போட்டு, அட்டை உங்களைப் பார்க்கும்படி கீழ் ஓரத்தைப் பிடித்து, கரணம் அடிக்கும்படி மேலே போடுங்கள். தானாகவே அரைச்சுற்று திரும்பிக்கொண்டு கைக்கு வரும். நீட்டிய உடம்பும் அதே ரகம்.

தரையில் திருகி எழும்பினாலும் ட்விஸ்ட் வரும். தேர்ந்தவர்கள் இரண்டையும் கொஞ்சம் கலந்துதான் செய்கிறார்கள். ஆனால் தரையை உதைத்து வாங்கிய திருகல் மேலே லேசில் கரையாது, இறங்கும்போதும் மிச்சமிருக்கும். பாதம் ஊன்றி நிற்க, முட்டி மட்டும் திரும்பும். நான் அப்படிச் சொல்லிக்கொடுத்த ஒரு பையன் முட்டி விலகி விழுந்தான். ஆடிச் சாரலில் மேட் நமுத்துக் கிடந்த நாள் அது. அதிலிருந்து, முதலில் நேராக எழும்பு, அப்புறம் கையை வீசு என்றே சொல்லி வந்தேன்.

ஒன்று மட்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட்டில் இரண்டரை ட்விஸ்டுக்கு எழும்பி, ஒன்றரையோடு இறங்க நேர்ந்தது. காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. உங்கள் மகளும் அப்படிச் சொன்னால், அன்றைக்கு ட்விஸ்ட் வேண்டாம். வெறும் பல்டியோடு வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.