மாநிலம் மாறினால் நேஷனல் கார்டு தலைமைப் பதவி கைநழுவிப் போகுமா?

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். என் மகள் டெக்சஸ் ஆர்மி நேஷனல் கார்டில் மேஜர். மாப்பிள்ளைக்கு வெர்மான்ட்டில் வேலை கிடைத்திருப்பதால் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். "மாநிலம் மாறினால் எல்லாம் முதலிலிருந்துதான், மேல்மட்டப் பதவியெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான்" என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி அவளைக் கலங்க வைத்துவிட்டார். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா? சின்ன வயதில் எங்களோடு அமெரிக்கா வந்து, பிறகு குடியுரிமை பெற்றவள் அவள். அது ஒரு தடையாகுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மனபாரம் குறையும். நேஷனல் கார்டில், அதாவது மாநிலமும் ஃபெடரல் (மத்திய) அரசும் பங்குபோட்டு நடத்தும் ரிசர்வ் ராணுவப் படையில், அதிகாரியாக இருக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. பிறப்பால் வந்த குடியுரிமைதான் வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு உள்ளது போன்ற கட்டுப்பாடு ஃபெடரல் சட்டத்தில் இந்தப் பதவிகளுக்குக் கிடையாது.

இனி உங்கள் மகளின் கவலைக்கு வருவோம். நண்பர் சொன்னதில் பாதி தவறு, பாதி உண்மை. எந்தப் பாதி எது என்று புரிய ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: நேஷனல் கார்டில் ராணுவத் தகுதிநிலை, அதாவது ரேங்க், ஃபெடரல் அரசின் அங்கீகாரத்தால் நிற்கிறது. பதவி மாநிலம் தருவது. இரண்டும் ஒரே சீருடையில் இருப்பதால் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது.

இந்தப் பிரிவினை அமெரிக்க அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மிலிஷியாவை, அதாவது இன்றைய நேஷனல் கார்டுக்கு முன்னோடியான மாநிலக் குடிமக்கள் படையை, ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குக் கொடுத்த அதே பிரிவு, அதன் அதிகாரிகளை நியமிக்கும் உரிமையை மாநிலங்களுக்கென்று ஒதுக்கி வைத்தது. 1792-ஆம் ஆண்டின் மிலிஷியா சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அட்ஜுடன்ட் ஜெனரல் இருக்க வேண்டும் என்றது. இன்று மாநில கார்டின் தலைமைப் பதவி அதுதான். இன்றைய ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 32-ஆம் தலைப்பு, 314-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: ஒவ்வொரு மாநிலத்திலும், போர்ட்டோ ரிக்கோ, குவாம், விர்ஜின் தீவுகளிலும் ஓர் அட்ஜுடன்ட் ஜெனரல் இருப்பார், அந்தந்த இடத்தின் சட்டம் விதிக்கும் கடமைகளைச் செய்வார். அவரை யார் நியமிப்பது, எத்தனை ஆண்டுக்கு, எப்படி நீக்குவது என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. வாஷிங்டன் டி.சி. மட்டும் விதிவிலக்கு. அங்கே கவர்னர் இல்லாததால் ஜனாதிபதியே நியமிக்கிறார்.

அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை வித்தியாசம். உங்கள் மகள் விட்டுப் போகும் மாநிலமும் போய்ச் சேரும் மாநிலமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

டெக்சஸில் கவர்னர் செனட்டின் ஒப்புதலோடு அட்ஜுடன்ட் ஜெனரலை நியமிக்கிறார். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள், ஒற்றைப்படை ஆண்டின் பிப்ரவரி 1-ஆம் தேதி முடியும். மறுநியமனம் உண்டு. அரசுச் சட்டத் தொகுப்பின் 437-ஆம் அத்தியாயத்தில் தகுதிகள் இருக்கின்றன. நியமிக்கப்படுபவர் ஏற்கெனவே டெக்சஸ் கார்டில் மேஜர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியாக இருக்க வேண்டும். அதிகாரியாகப் பல ஆண்டு அனுபவம் வேண்டும், அதில் 5 ஆண்டாவது டெக்சஸ் கார்டில் கழிந்திருக்க வேண்டும். நண்பர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். இந்த மாதிரிச் சட்டம் உள்ள மாநிலத்தில், நீங்கள் எத்தனை ஆண்டு சேவை செய்தீர்கள் என்பதோடு எந்த மாநிலத்தில் செய்தீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

வெர்மான்ட்டின் கதையே வேறு. அங்கே கவர்னர் நியமிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் இரு அவைகளும், கீழவையின் 150 பேரும் செனட்டின் 30 பேரும், பிப்ரவரியில் மான்ட்பீலியரில் ஒன்றாகக் கூடி ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழக அறங்காவலர்களையும் அவைக் காவல் அதிகாரியையும் தேர்ந்தெடுப்பதும் இப்படிப்பட்ட கூட்டு அமர்வில்தான். ஆக, அந்தப் பதவியை விரும்பும் ராணுவ அதிகாரி சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆதரவு கேட்க வேண்டும். இது முறையா என்ற விவாதம் அங்கே அடிக்கடி எழுகிறது. ஆனால் இதே முறையில்தான் 1997-இல் மார்த்தா ரெயின்வில், பதவியில் இருந்தவரையே தோற்கடித்து, அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் அட்ஜுடன்ட் ஜெனரலான முதல் பெண் ஆனார். கவர்னர் ஒருவரின் விருப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் அது அந்த ஆண்டிலேயே நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். உங்கள் மகள் போகும் மாநிலம் அது என்பதால் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மக்களே நேரடியாக வாக்களித்து இந்தப் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுத்த மாநிலமும் இருந்தது: தென் கரோலினா. கட்சிச் சார்போடு போட்டி நடக்கும். தனக்குக் கீழே சேவை செய்பவர்கள் வாழும் ஊர்களிலேயே ஒரு ஜெனரல் பிரசாரம் செய்ய வேண்டிய நிலை. 2014 நவம்பரில் வாக்காளர்களே இந்த முறையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அந்தத் திருத்தம் வெறுமனே "இனி கவர்னர் நியமிப்பார்" என்று நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். செனட்டின் ஒப்புதல் வேண்டும், பதவிக்காலம் கவர்னரின் காலத்தோடு ஒன்றாக முடியக் கூடாது, தகுந்த காரணம் இருந்தால்தான் நீக்கலாம் என்று மூன்று பூட்டுகளையும் சேர்த்தே போட்டது. 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

மற்ற மாநிலங்களில் கவர்னர்தான் நியமிக்கிறார். சில இடங்களில் செனட்டின் ஒப்புதல் வேண்டும், சில இடங்களில் வேண்டாம். பதவிக்காலம் குறிப்பிட்ட ஆண்டுகளா, கவர்னர் விரும்பும் வரையா என்பதுதான் பெரிய வேறுபாடு. விஸ்கான்சின் சட்டம் 5 ஆண்டு தருகிறது. அதனால் ஒரு கவர்னர் நியமித்தவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த அடுத்த கவர்னரின் காலத்திலும் தொடர முடியும். அதற்காக அந்த 5 ஆண்டு இரும்புக் கோட்டை என்று எண்ண வேண்டாம். 2019 டிசம்பரில், பாலியல் வன்முறைப் புகார்களை அந்த மாநில கார்டு கையாண்ட விதம் குறித்து ஃபெடரல் விசாரணை அறிக்கை வந்ததும், கவர்னர் ராஜினாமா கேட்டார், அட்ஜுடன்ட் ஜெனரல் கொடுத்துவிட்டார். 2014-இல் அலாஸ்காவிலும் இதே போன்ற அறிக்கைக்குப் பிறகு இதேதான் நடந்தது.

சரி, பதவியைப் பற்றி ஒரு மாநிலச் சட்டம் எழுதும் ஒரு வரிக்கு இவ்வளவு எடை உண்டா என்று கேட்டால், 2025 ஜூனில் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். கவர்னரின் சம்மதம் இல்லாமல் ஜனாதிபதி அந்த மாநில கார்டை ஃபெடரல் சேவைக்கு அழைத்தார். அதற்குப் பயன்பட்ட ஃபெடரல் பிரிவு, உத்தரவுகள் கவர்னர்கள் வழியாகப் பிறப்பிக்கப்பட வேண்டும் என்கிறது. ஜூன் 7-ஆம் தேதி பாதுகாப்புத் துறையிலிருந்து போன குறிப்பாணையில் "கவர்னர் வழியாக" என்று எழுதியிருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது அட்ஜுடன்ட் ஜெனரலிடம். சட்டம் மீறப்பட்டது என்று ஜூன் 12-இல் மாவட்ட நீதிபதி சார்லஸ் பிரேயர் தீர்ப்பளித்தார். ஒரு வாரத்தில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று இது: கலிபோர்னியாவின் சொந்தச் சட்டமே அட்ஜுடன்ட் ஜெனரல் கவர்னரின் பெயரால் உத்தரவுகளைப் பிறப்பிப்பார் என்கிறது, எனவே அவரிடம் கொடுத்ததே கவர்னர் வழியாகக் கொடுத்ததாகக் கருத இடமுண்டு. நிர்வாக வசதிக்காக என்றோ எழுதி வைத்த ஒரு வாக்கியம், கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் இடையிலான வழக்கில் வந்து நின்றது. மாநிலச் சட்டத்தை அந்தச் சட்டத்தின் சொற்களிலேயே படிக்க வேண்டும், யாரோ சொன்ன சுருக்கத்தை நம்பக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தப் பதவி எவ்வளவு இரட்டைத் தன்மை கொண்டது என்பதற்கு இன்னொரு தீர்ப்பும் உண்டு. கார்டில் முழுநேர டெக்னீஷியன்களாக வேலை பார்ப்பவர்கள் ஃபெடரல் ஊழியர்கள், ஆனால் அவர்களை வேலைக்கு எடுத்து மேற்பார்வை செய்வது மாநில அட்ஜுடன்ட் ஜெனரல். அந்த வேலையைச் செய்யும்போது அவர் ஃபெடரல் அமைப்பாகவே செயல்படுகிறார் என்று ஒஹாயோ சம்பந்தப்பட்ட வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாநிலம் நியமித்த அதிகாரிதான், ஆனாலும் அந்த மேசையில் உட்காரும்போது ஃபெடரல் தொழிலாளர் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும்.

இனி உங்கள் மகளுக்கு நேரடியாக உதவும் விஷயங்கள்.

முதலில் ரேங்க். அவர் மேஜர் என்பதை ஃபெடரல் அரசு அங்கீகரித்திருக்கிறது. மாநிலம் மாறினாலும் அவர் மேஜர்தான், சேவை ஆண்டுகளும் ஓய்வூதியக் கணக்கும் கூடவே வரும். எல்லாம் முதலிலிருந்து என்பது தவறு. ஆனால் இடமாற்றம் என்பது தானாக நடப்பதில்லை. டெக்சஸ் அவரை விடுவிக்க வேண்டும், வெர்மான்ட் அவரை ஏற்று நியமிக்க வேண்டும், அங்கே மேஜருக்குரிய இடம் ஒன்று காலியாக இருக்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான இடமாற்றத்தைக் கவனிக்கவே இரண்டு பக்கமும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். வீடு பார்ப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். இடம் எழுத்தில் உறுதியாகும் வரை டெக்சஸிலிருந்து விலகக் கூடாது. ஒரு மாநிலத்தில் வசித்துக்கொண்டு இன்னொரு மாநிலத்தின் யூனிட்டில் பயிற்சிக்குப் போய்வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. வெர்மான்ட்டில் இடம் இல்லையென்றால் நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், மாசசூசெட்ஸ் எல்லாமே காரில் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அடுத்தது பதவி உயர்வு. அவர் இப்போது கவலைப்பட வேண்டியது அட்ஜுடன்ட் ஜெனரல் நாற்காலியைப் பற்றி இல்லை. லெப்டினன்ட் கர்னல், கர்னல் இடங்களைப் பற்றித்தான். கார்டில் ஒரு காலியிடம் இருந்தால்தான் அதற்கு ஆளை உயர்த்த முடியும் என்ற நிலை அடிக்கடி வரும், அந்தக் காலியிடத்துக்கு யார் என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. டெக்சஸ் பெரிய படை, இடங்கள் அதிகம், போட்டியும் அதிகம். வெர்மான்ட் சின்னது, மேல்மட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அங்கே நல்லபடியாக வேலை செய்பவரை எல்லோருக்கும் பெயர் சொல்லித் தெரியும். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் சின்ன மாநிலம் என்றாலே பின்னடைவு என்ற எண்ணத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஜெனரல் ரேங்க் வரும்போது இரண்டு கதவுகளும் திறக்க வேண்டும். மாநிலம் ஒருவரை ஜெனரலாக நியமிக்கலாம், ஆனால் ஃபெடரல் அங்கீகாரத்துக்கு அவர் பெயர் அமெரிக்க செனட் வரை போக வேண்டும். அது கிடைக்கும் வரை அவர் அணியும் நட்சத்திரம் அந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். அதற்கான ராணுவக் கல்வியை, குறிப்பாகப் பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள ஆர்மி வார் காலேஜ் போன்ற மேல்நிலைப் படிப்பை, எந்த மாநிலத்தில் இருந்தாலும் முடிக்கலாம். மாநிலம் மாறும்போது தொலைந்து போகாத முதலீடு அது.

ஒன்று கவனியுங்கள். மாநிலத் தலைமையகத்தில் இருக்கும் எல்லா மேல்பதவிகளையும் மாநிலச் சட்டம் தீர்மானிப்பதில்லை. ஃபெடரல் சொத்துக்கும் பணத்துக்கும் பொறுப்பான ஓர் அதிகாரி ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. அந்த இடத்துக்கு ஆளைப் போடுவது ஃபெடரல் பக்கம். பொருள் வழங்கல், நிதி அனுபவம் உள்ள அதிகாரிகளுக்கு இது கௌரவமான இடம், பலர் இதை யோசிப்பதே இல்லை.

கடைசியாக, சட்டத்தை எங்கே, எப்படிப் படிப்பது. வெர்மான்ட் சட்டத் தொகுப்பில் 20-ஆம் தலைப்பு, சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்ற மாநிலங்களில் ராணுவம், மிலிஷியா, அவசரகால மேலாண்மை என்ற தலைப்புகளின் கீழ்த் தேடலாம். மாநில அரசியலமைப்பையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் இல்லாத நிபந்தனை சில நேரம் அங்கே ஒளிந்திருக்கும். படிக்கும்போது தகுதி எந்தத் தேதியில் இருக்க வேண்டும் என்று பாருங்கள். "நியமன நாளில் இந்த மாநில கார்டின் உறுப்பினராக" என்பதும் "இந்த மாநில கார்டில் இத்தனை ஆண்டு சேவை செய்தவராக" என்பதும் வேறு வேறு. முதலாவதில் மீண்டும் டெக்சஸுக்கு மாறி வந்தால்தான் வழி. இரண்டாவதில் அவர் ஏற்கெனவே அங்கே கழித்த ஆண்டுகள் வீணாகாது. டெக்சஸ் இரண்டையுமே கேட்கிறது. குடியிருப்பு நிபந்தனை உண்டா, வயது வரம்பு உண்டா, உதவி அட்ஜுடன்ட் ஜெனரல்களுக்கும் அதே விதிதானா என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். சந்தேகம் வரும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு போய், மாநிலத் தலைமையகத்தில் உள்ள ராணுவச் சட்ட அதிகாரியின் அலுவலகத்தில் கேட்கலாம். டெக்சஸில் தனக்கு எத்தனை ஆண்டு சேவை என்பதற்கான ஆவணங்களை அங்கிருந்து கிளம்பும் முன்பே கையில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.