தேயிலைச் செடியில் இருக்கும் நகத்தளவு பச்சைத் தவளை குஞ்சா, தனி இனமா?

தேவிகுளம் பக்கம் தேயிலைச் செடியில் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு பச்சைத் தவளையைப் பார்த்ததாகவும், அது பெரிய தவளையின் குஞ்சா, வளர்ந்தாலே அவ்வளவுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மூணாறில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். எங்கள் பாட்டிக்கு இதுவும் தேரைதான். தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால்கூட தேரை மோந்துவிட்டது என்று இதன் மேல் பழி போடுவார்கள். ஒரு பாவமும் அறியாத ஜீவன். ஒருநாள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தபோது அதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஈயக் குண்டாவின் விளிம்பில் விட்டேன். விரல் நுனி ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு வட்டம். அதை வைத்துத்தான் வழுக்கும் ஈயத்தில் செங்குத்தாக ஏறியது. மரத்தவளைக் குடும்பம் என்பதற்கு அந்த வட்டுகள் நல்ல அடையாளம்.

சரி, குஞ்சா இல்லையா? தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சாயங்காலம் டார்ச்சோடு போய் நில்லுங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும் செடியில், தொண்டை பலூன் மாதிரி உப்பி, கிட்டத்தட்ட உடம்பு அளவுக்கே நிற்பதைப் பார்க்கலாம். அப்படிக் கத்துவது வளர்ந்த ஆண், பெட்டையைக் கூப்பிடுகிறது. குஞ்சு கத்தாது. இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கிறது, ஆனால் கத்துகிறது என்றால், அது மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்த்தவளை இனம் ஒன்றின் முழு வளர்ச்சி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் புதர்த்தவளைகள் மட்டும் 60 இனங்களுக்கு மேல் உண்டு. பெங்களூரில் தவளைகளை ஆராய்ந்த சி.ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் இவற்றின் பேரினத்துக்கு ராவார்கெஸ்டெஸ் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் சொல்லும் இடத்தையும் அளவையும் பார்த்தால் என் முதல் ஊகம் பெட்டோம் புதர்த்தவளை. மதராஸ் வனத்துறையில் இருந்த பெட்டோமின் பெயரால் 1876-இல் விவரிக்கப்பட்டது, தேயிலைத் தோட்டங்களிலும் வாழும். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மூணாறு பெயரையே தாங்கிய ஓர் இனம் 2009-இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. ஆனைமுடி உச்சியில் செம்மஞ்சளாக இருக்கும் இன்னொன்று 2010-இல். இத்தனை காலம் நம் காலடியிலேயே இருந்திருக்கின்றன!

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும். முதுகு, பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும், தொடையின் உள்பக்கம் எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள், ஒன்று போலவே தோன்றும் இனங்களைப் பல நேரம் குரல்தான் பிரித்துக் காட்டுகிறது. கையால் பிடிக்காதீர்கள். தோல் வழியாகவும் மூச்சும் ஈரமும் இழுக்கும் உயிர் அது. கையில் இருக்கும் மருந்தோ கொசுக் களிம்போ நேராக உள்ளே போகும்.

இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குளம் தேட வேண்டாம். ஒரு ஜூலையில் ஏலச்செடியின் அடியில் ஈரச் சருகைத் தூக்கியபோது வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு சிறு கொத்து முட்டை கண்டேன். டார்ச்சைப் பக்கத்தில் பிடித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு குட்டித் தவளை. ஒன்று திரும்பிப் படுத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு சருகை அப்படியே மூடிவைத்தேன். மூன்று நான்கு வாரத்தில் நாலு காலோடு வெளியே வந்துவிடும். களக்காடு முண்டந்துறைக் காட்டில் இதன் உறவுக்காரத் தவளை ஒன்று மூங்கிலில் இரண்டு கணுக்களுக்கு நடுவே இருக்கும் சிறு வெடிப்பு வழியே உள்ளே போய் முட்டைக்குக் காவல் இருக்கிறது. 1874-க்குப் பிறகு 136 வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, மறுபடி கிடைத்த இனம் அது.

அதனால் முட்டைக்குத் தேவை தண்ணீர்த் தொட்டி இல்லை, காயாத சருகும் நிழலும்தான். உங்கள் வாசல் ஓரத்துச் சருகை மழைக்காலம் முடியும்வரை கூட்டாமல் விட்டுவைக்க முடியுமா? அப்புறம், இன்று சாயங்காலம் அது கத்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பதிவு செய்த குரலைக் கருத்துப் பகுதியில் போட்டால் கேட்டுப் பார்க்கிறேன்.